மொகாவோ குகைகளும் சூழ்காட்சித் தொழில்நுட்பங்களும்

மொகாவோ குகைகள் சீனாவின் கான்சு மாகாணத்தில், துன்ஹுவாங் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள பௌத்தக் குடைவரைக் கோயில்களின் தொகுதி ஆகும். இக்குகைகளின் சுவரோவியங்களைப் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே சிதைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிய வந்ததை அடுத்து, குகைக்குள் செல்லும் முன்னரே அவற்றைக் கண்டு அறிந்துகொள்ள உதவும் எண்ணிமக் காட்சிகள் உருவாக்கப்பட்டன. கும்மட்டத் திரையரங்கு, 360 பாகைச் சுற்றுத்திரை, பலகைக் கணினி, தலையணிக் காட்சிக் கருவி முதலியன இதில் பயன்படுகின்றன. பார்வையாளரை நாற்புறமும் சூழ்ந்து, காட்சிக்குள் அவர் நிற்பது போன்ற உணர்வைத் தரும் இத்தகைய முறைகளை இக்கட்டுரை சூழ்காட்சித் தொழில்நுட்பம் என்னும் பொதுப்பெயரால் குறிக்கிறது.

அருங்காட்சியகங்கள் பலவற்றில் இத்தொழில்நுட்பம் பார்வையாளரை ஈர்ப்பதற்காகச் சேர்க்கப்படும் கூடுதல் வசதியாகவே உள்ளது. மொகாவோவிலோ அது பாதுகாப்புத் திட்டத்தின் ஓர் உறுப்பாகத் தோன்றியது. குகைக்குள் மக்கள் தங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதே வேளை அவர்கள் பெறும் அறிவு குறையக் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே இதன் நோக்கமாகும்.

குகைகள்

மரபுவழிச் செய்தியின்படி, கி.பி. 366 ஆம் ஆண்டில் லெசுன் என்னும் பௌத்தத் துறவி இங்கு முதற் குகையை அகழ்ந்தார். அதன் பின்னர் சுமார் ஆயிரம் ஆண்டுகள் இப்பணி தொடர்ந்தது. பட்டுப் பாதையில் பயணம் செய்த வணிகர்கள், உள்ளூர் ஆட்சியாளர்கள், துறவிகள், செல்வக் குடும்பத்தினர் எனப் பலரும் குகைகளை அமைக்கப் பொருள் உதவி செய்தனர். இன்று 735 குகைகள் உள்ளன. அவற்றுள் 492 குகைகளில் ஓவியங்களும் சிற்பங்களும் காணப்படுகின்றன. சுவரோவியங்களின் மொத்தப் பரப்பளவு சுமார் 45,000 சதுர மீட்டர் ஆகும். வண்ணம் தீட்டப்பட்ட சுதைச் சிற்பங்கள் 2,000க்கும் மேற்பட்டவை.

1900 ஆம் ஆண்டில் வாங் யுவான்லு என்னும் தாவோயியத் துறவி, 17 ஆம் குகையில் மூடிக் கிடந்த சுவடி அறையைக் கண்டறிந்தார். அங்கிருந்த சுவடிகளிலும் ஓவியங்களிலும் பெரும் பகுதியை 1907 இல் ஆரல் ஸ்டைனும் 1908 இல் பால் பெலியோவும் வாங்கிச் சென்றனர். இதனால் அவை இலண்டன், பாரிசு முதலிய நகரங்களின் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. குகைகளைப் பாதுகாத்து ஆய்வு செய்வதற்கான நிறுவனம் 1944 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஓவியர் சாங் ஷூஹொங் ஆவார். இந்நிறுவனமே 1984 இல் துன்ஹுவாங் ஆய்வுக்கழகமாக விரிவாக்கப்பட்டது. 1987 இல் யுனெசுகோ அமைப்பு மொகாவோ குகைகளை உலக மரபுரிமைக் களமாக அறிவித்தது.

பார்வையாளர்களால் ஏற்படும் பாதிப்பு

மொகாவோவின் பாறை, கூழாங்கற்களும் மணலும் இறுகி உருவான கலவைப் பாறையாகும். அதில் நுண்ணிய செதுக்கு வேலை செய்ய இயலாது. எனவே, குடைந்த சுவரின் மேல் களிமண்ணுடன் வைக்கோல், நார் முதலியவற்றைக் கலந்த சாந்தைப் பூசி, அது உலர்ந்த பின் ஓவியம் தீட்டினர். இச்சாந்திலும் அதன் பின்னுள்ள பாறையிலும் உப்புகள் உள்ளன. காற்றில் ஈரப்பதம் உயரும்போது உப்பு நீரை உறிஞ்சிக் கரைகிறது. ஈரப்பதம் குறையும்போது மீண்டும் படிகமாகிறது. இவ்வாறு கரைவதும் படிகமாவதும் மாறி மாறி நிகழ்வதால் சாந்து பொடிந்து, ஓவியம் சுவரிலிருந்து விலகி உதிர்கிறது.

துன்ஹுவாங் ஒரு பாலைவனப் பகுதி. அங்கு மழை மிகக் குறைவு. ஓவியங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்ததற்கு இவ்வறட்சியே முதன்மைக் காரணமாகும். 1979 இல் பொதுமக்களுக்குக் குகைகள் திறக்கப்பட்ட பின் இந்நிலை மாறத் தொடங்கியது. மனிதரின் மூச்சிலும் வியர்வையிலும் நீராவி உள்ளது. மேலும், கதவு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. மழை நாள்களில் அக்காற்றின் ஈரம் ஓவியச் சுவரைச் சென்றடைகிறது.

ஆய்வுக்கழகம் நடத்திய சோதனை ஒன்றில், 40 பேர் அரை மணி நேரம் ஒரு குகைக்குள் இருந்தபோது கரியமில வாயுவின் அளவு பல மடங்கு உயர்ந்தது. ஈரப்பதம் சுமார் 10 விழுக்காடும், வெப்பநிலை சுமார் 4 பாகை செல்சியசும் கூடின. அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் 1989 முதல் ஆய்வுக்கழகத்துடன் இணைந்து பணியாற்றி வருகிறது. இக்கூட்டு ஆய்வின் பயனாகப் பின்வரும் விதிகள் வகுக்கப்பட்டன:

* சார்பு ஈரப்பதம் 62 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குகை மூடப்படும்.
* தரைப்பரப்பு 13 சதுர மீட்டருக்குக் குறைவான குகைகளில் பார்வையாளர் குழுக்கள் அனுமதிக்கப்படுவதில்லை.
* ஒரு குழுவில் சுமார் 25 பேர் மட்டுமே இருக்க வேண்டும். வழிகாட்டி உடன் செல்ல வேண்டும்.

இவ்விதிகளின்படி கணக்கிட்டபோது, அன்றைய முறையில் நாளொன்றுக்கு 3,000 பேர் மட்டுமே குகைகளைப் பார்வையிடலாம் என்பது தெரிய வந்தது. ஆனால் 2012 அக்டோபர் விடுமுறை வாரத்தில் ஒரே நாளில் 18,000க்கும் மேற்பட்டோர் வந்தனர்.

சூழ்காட்சித் தொழில்நுட்பத்தின் வகைகள்

கண்ணின் பார்வைப் புலம் முழுவதையும் காட்சி நிறைக்கும்போது, அது ஒரு படம் என்னும் உணர்வு குறைந்து இடம் என்னும் உணர்வு மேலோங்குகிறது. இதுவே இவ்வகைத் தொழில்நுட்பங்களின் அடிப்படையாகும். மொகாவோ தொடர்பான பணிகளில் மூன்று வகைகள் காணப்படுகின்றன.

* சூழ்திரை: கும்மட்டம் அல்லது உருளை வடிவத் திரையில் பல ஒளிவீழ்த்திகள் காட்சியைப் பரப்புகின்றன. பலர் ஒன்றாக நின்று காணலாம்.
* மெய்நிகர் உண்மை: தலையில் அணியும் கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படத்தைக் காட்டுகிறது. தலை திரும்பும் திசைக்கு ஏற்பக் காட்சியும் மாறுகிறது. இதன் முன்னோடிக் கருவி ஒன்றை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லாந்து 1968 இல் செய்து காட்டினார்.
* மிகை மெய்ம்மை: கண்முன் உள்ள உண்மையான இடத்தின் மேல் கணினிப் படிமம் பொருத்திக் காட்டப்படுகிறது. பலகைக் கணினியின் திரை இதற்குச் சாளரமாகப் பயன்படுகிறது.

படிமங்களைத் திரட்டுதல்

எக்காட்சியையும் உருவாக்குவதற்கு முன், சுவர்களின் துல்லியமான படிமங்கள் தேவை. துன்ஹுவாங் ஆய்வுக்கழகம் 1990களில் எண்ணிமப் பதிவுக்கான முயற்சிகளைத் தொடங்கியது. அப்பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் மெலன் அறக்கட்டளை, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் குறிப்பிட்ட சில குகைகள் உயர்ந்த தரத்தில் படம் பிடிக்கப்பட்டன. பின்னர் ஆய்வுக்கழகப் பணியாளர்களே இப்பணியைத் தொடர்ந்தனர்.

ஒளிப்படக் கருவி சுவருக்கு இணையாக அமைந்த தண்டவாளத்தில் நகர்த்தப்படுகிறது. ஒவ்வொரு படமும் அடுத்த படத்துடன் ஓரளவு மேற்பொருந்துமாறு எடுக்கப்படுகிறது. பின்னர் அவை கணினியில் இணைக்கப்பட்டு ஒரே சுவராகின்றன. தொடர்ந்து எரியும் விளக்கு வண்ணங்களுக்குத் தீங்கு செய்யும் என்பதால், கணநேரம் மின்னும் விளக்குகளே பயன்படுத்தப்படுகின்றன. படத்தின் நிறமும் சுவரின் நிறமும் ஒத்திருப்பதற்கு நிற அட்டைகள் உதவுகின்றன. அறையின் வடிவம் லேசர் அளவீட்டால் பதிவாகிறது. சிற்பங்கள் பல கோணங்களில் எடுக்கப்பட்ட படங்களிலிருந்து முப்பரிமாண உருவங்களாக அமைக்கப்படுகின்றன.

ஒரு குகைக்கே ஆயிரக்கணக்கான படங்கள் தேவைப்படுவதால் இப்பணி மெதுவாகவே நடைபெறுகிறது. 2022 முடிவில் 250க்கும் மேற்பட்ட குகைகள் இவ்வாறு பதிவு செய்யப்பட்டிருந்தன. இப்பதிவுகள் காட்சிக்கு மட்டுமன்றி, ஓவியத்தில் புதிதாக விரிசலோ உதிர்வோ ஏற்பட்டுள்ளதா என ஒப்பிட்டு அறியவும் பயன்படுகின்றன.

பார்வையாளர் மையம்

தொல்லியலாளர் ஃபான் ஜின்ஷி 1963 இல் மொகாவோவில் பணியில் சேர்ந்து, 1998 முதல் ஆய்வுக்கழகத்தின் இயக்குநராக விளங்கினார். குகைகளுக்கு வெளியே பார்வையாளர் மையம் ஒன்றை அமைத்து, அங்கு எண்ணிமக் காட்சிகளைக் காட்ட வேண்டும் என்ற முன்மொழிவை 2003 இல் அவரும் வேறு சிலரும் சீன மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டில் அளித்தனர். மையம் 2014 இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் சுய் கை இதனைப் பாலைவன மணல்மேடுகளை நினைவூட்டும் வளைவுகளுடன் வடிவமைத்தார்.

முன்பதிவு செய்து வரும் பார்வையாளர் முதலில் இம்மையத்திற்கே வருகிறார். அங்கு தலா 20 நிமிட அளவிலான இரு படங்கள் காட்டப்படுகின்றன. முதற்படம் பட்டுப் பாதையின் வரலாற்றையும் துன்ஹுவாங் நகரின் தோற்றத்தையும் கூறுகிறது. இரண்டாவது படம் கும்மட்டத் திரையில் காட்டப்படுகிறது. இதில் குறிப்பிட்ட சில குகைகளின் உட்புறம் பார்வையாளரின் தலைக்கு மேலும் இருபுறமும் விரிகிறது. இதன் பின்னரே பேருந்து அவரைக் குகைகளுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கு வழிகாட்டியுடன் எட்டு குகைகள் அளவில் பார்வையிடலாம்.

இவ்வரிசைமுறையின் பயன் எளிதில் விளங்கக் கூடியது. வரலாற்றையும் கதைகளையும் பார்வையாளர் முன்பே அறிந்துகொண்டதால், குகைக்குள் நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. அவர் உள்ளே நிற்கும் நேரம் குறைகிறது. இம்முறையினால் நாளொன்றுக்கு அனுமதிக்கக் கூடிய எண்ணிக்கை 3,000 இலிருந்து 6,000 ஆக உயர்த்தப்பட்டது.

தூய நிலம்

மொகாவோ ஓவியங்களை அடிப்படையாகக் கொண்ட சூழ்காட்சிகளுள் "தூய நிலம்" என்னும் படைப்பு நன்கு அறியப்பட்டது. ஜெஃப்ரி ஷா, சாரா கெண்டர்டைன் ஆகியோர் துன்ஹுவாங் ஆய்வுக்கழகத்துடன் இணைந்து ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தில் இதனை உருவாக்கி 2012 இல் வெளியிட்டனர். கி.பி. 642 ஆம் ஆண்டைச் சேர்ந்த 220 ஆம் குகை இதன் கருப்பொருளாகும். இக்குகை பொதுவான சுற்றுப்பாதையில் இடம்பெறுவதில்லை.

பார்வையாளர்கள் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து, உருளை வடிவத் திரையின் நடுவில் நிற்கின்றனர். முதலில் குகை இருளில் உள்ளது. கைவிளக்கின் ஒளிவட்டம் மட்டும் சுவரில் நகர்கிறது. உண்மையான குகையிலும் விளக்குகள் பொருத்தப்படவில்லை. வழிகாட்டியின் கைவிளக்கே வெளிச்சம் தருகிறது. பின்னர் காட்சியில் குகை முழுவதும் ஒளி பெறுகிறது. குறிப்பிட்ட பகுதிகள் உருப்பெருக்கிக் காட்டப்படுகின்றன.

வடக்குச் சுவரில் மருத்துவ புத்தர் எழுவரும், அவர்களுக்கு முன்பாக இசைக்கலைஞர்களும் நடனமாடுவோரும் தீட்டப்பட்டுள்ளனர். இக்காட்சியில் மங்கிய நிறங்கள் மீட்டுருவாக்கப்பட்டுள்ளன. இசைக்கருவிகள் சுவரிலிருந்து வெளிவந்து முப்பரிமாணத்தில் சுழல்கின்றன. பெய்ஜிங் நடனக் கழகக் கலைஞர்களின் ஆட்டம் படம் பிடிக்கப்பட்டு, ஓவியத்திலுள்ள நடனத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. சுவரில் அசைவற்று நிற்கும் ஒரு நிலை, எத்தகைய ஆட்டத்தின் ஒரு கணம் என்பதை இதனால் மாணவர் உணர முடிகிறது.

இதன் மற்றொரு வடிவம் மிகை மெய்ம்மையைப் பயன்படுத்துகிறது. குகையின் அதே அளவுள்ள வெற்று அறையின் சுவர்களில் கோட்டு வரைவு மட்டும் ஒட்டப்பட்டிருக்கும். பார்வையாளர் பலகைக் கணினியை எச்சுவரை நோக்கிப் பிடிக்கிறாரோ, அச்சுவருக்குரிய ஓவியம் திரையில் தோன்றும். கருவியை ஏந்தியவரைச் சுற்றி மற்றவர்கள் கூடி நின்று, எங்கே பார்க்கலாம் எனக் கலந்து பேசும் வாய்ப்பு இதில் உண்டு. தலையணிக் கருவியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகவே காட்சியைக் காண்கின்றனர்.

கெட்டி மையக் கண்காட்சி

2016 மே முதல் செப்டம்பர் வரை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கெட்டி மையத்தில் துன்ஹுவாங் குகைக்கோயில்கள் பற்றிய கண்காட்சி நடைபெற்றது. ஒரே பொருளை மூன்று வழிகளில் காட்டியதால் இக்கண்காட்சி குறிப்பிடத்தக்கது.

* 275, 285, 320 ஆம் குகைகளின் முழு அளவுப் படிகள். இவை ஆய்வுக்கழக ஓவியர்களால் கையால் தீட்டப்பட்டவை.
* 45 ஆம் குகையின் முப்பரிமாண எண்ணிமக் காட்சி.
* சுவடி அறையிலிருந்து சென்ற மூலப் பொருள்கள். கி.பி. 868 ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட வைர சூத்திரமும் இவற்றுள் ஒன்று. ஆண்டு குறிக்கப்பட்ட அச்சு நூல்களுள் இன்றுள்ளவற்றில் இதுவே மிகப் பழமையானது.

ஓவியரின் கை, எண்ணிமப் படிமம், மூலப் பொருள் ஆகிய மூன்றும் வெவ்வேறு செய்திகளைத் தருகின்றன. கையால் தீட்டிய படி அறையின் அளவையும் நெருக்கத்தையும் உணர்த்துகிறது. எண்ணிமக் காட்சி இருளில் கண்ணுக்குத் தப்பும் நுணுக்கங்களைக் காட்டுகிறது. மூலப் பொருளோ காலத்தின் சான்றாக நிற்கிறது.

இணையமும் தலையணிக் கருவிகளும்

2016 இல் "எண்ணிமத் துன்ஹுவாங்" என்னும் இணையத்தளத்தில் 30 குகைகளின் உயர்தரப் படிமங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2023 இல் டென்சென்ட் நிறுவனத்துடன் இணைந்து "எண்ணிமச் சுவடிக் குகை" வெளியிடப்பட்டது. இது கணினி விளையாட்டுகளுக்குரிய தொழில்நுட்பத்தால் ஆனது. பயனர் ஒரு கதைமாந்தராக 17 ஆம் குகைக்குள் நுழைந்து, அக்குகை யாருடைய நினைவாக அமைக்கப்பட்டதோ அத்துறவி ஹொங் பியன் முதலியோரைச் சந்திக்கலாம். பல நாடுகளில் சிதறிய சுவடிகள், அவை ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த அறையின் பின்னணியில் இங்கு விளக்கப்படுகின்றன.

அதே ஆண்டில் 285 ஆம் குகையை அடிப்படையாகக் கொண்ட மெய்நிகர் உண்மைக் காட்சியும் அறிமுகமானது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்குகையின் சுவரில் சிவன், திருமால், பிள்ளையார், குமரன் ஆகியோரின் உருவங்கள் பௌத்தக் காவல் தெய்வங்களாக இடம்பெற்றுள்ளன. கூரையில் பூசி, நூவா என்னும் சீனத் தொன்ம உருவங்கள் உள்ளன. இந்தியத் தெய்வங்களும் சீனத் தெய்வங்களும் ஒரே அறையில் கூடியிருப்பதைக் கைவிளக்கின் ஒளியில் சில நிமிடங்களில் கண்டறிவது கடினம். மெய்நிகர் காட்சியில் கூரையை நெருங்கிச் சென்று பார்க்கலாம்.

கற்பித்தலில் பயன்கள்

மொகாவோ எடுத்துக்காட்டிலிருந்து சூழ்காட்சியின் கல்விப் பயன்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

* முன்னறிவு: எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை அறிந்து செல்பவர் குறைந்த நேரத்தில் நிறையக் காண்கிறார்.
* அணுக்கம்: மூடப்பட்ட குகைகளையும், உயரத்திலுள்ள ஓவியங்களையும் காண முடிகிறது. நடக்க இயலாதவர்களுக்கும் தொலைநாட்டினருக்கும் இது பேருதவியாகும்.
* காலமாற்றம்: சிவப்பு ஈயம் போன்ற வண்ணப் பொருள்கள் காலப்போக்கில் கறுத்துள்ளன. கறுத்த நிலையையும் கணிக்கப்பட்ட முந்தைய நிறத்தையும் ஒப்பிட்டுக் காட்டலாம்.
* சூழல்: பிரிந்து போன பொருளை அதன் மூல இடத்தில் பொருத்திக் காட்டலாம்.

வரம்புகளும் விமர்சனங்களும்

சூழ்காட்சி குகைக்கு மாற்றாகாது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். மீட்டுருவாக்கப்பட்ட நிறங்கள் ஆய்வாளர்களின் முடிவுகளே. அவை உறுதியான உண்மைகள் அல்ல. எப்பகுதி சான்றின் அடிப்படையில் அமைந்தது, எப்பகுதி கணிப்பு என்பதைத் தெளிவாகக் காட்டாவிடில், பார்வையாளர் கணிப்பையே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடும். மேலும் இக்குகைகள் வழிபாட்டுக்காக அமைக்கப்பட்டவை. ஓவியங்களை ஆடவும் பாடவும் செய்யும்போது அவற்றின் சமயப் பொருள் மறைந்து, வேடிக்கை மட்டும் எஞ்சும் வாய்ப்பும் உண்டு.

எண்ணிமக் காட்சிகள் கூட்டத்தைக் குறைக்கும் எனச் சிலர் எதிர்பார்க்கலாம். மொகாவோவின் அனுபவம் அவ்வாறு காட்டவில்லை. 2019 இல் பார்வையாளர் எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தாண்டியது. புகழ் பரவப் பரவ, நேரில் காணும் விருப்பமும் வளர்கிறது. முன்பதிவு நிறைந்துவிட்ட நாள்களுக்கென அவசர நுழைவுச்சீட்டு என்னும் ஏற்பாடு பின்னர் செய்யப்பட்டது. இச்சீட்டு பெற்றவர்கள் படங்களைக் காணாமல், பெரிய குகைகள் நான்கை மட்டும் பார்த்துத் திரும்பினர். கூட்டம் மிகுந்த நாள்களில்தான் முன்னறிவு தரும் காட்சி பலருக்குக் கிடைக்காமல் போகிறது என்பது இம்முறையின் குறைபாடாகும்.

எண்ணிமப் பதிவுகளும் அழியக் கூடியவையே. கோப்பு வடிவங்கள் வழக்கொழிகின்றன. சேமிப்புக் கருவிகள் பழுதடைகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அவற்றைப் புதிய வடிவங்களுக்கு மாற்றி வைக்க வேண்டியுள்ளது. ஆயிரம் ஆண்டுகள் நிலைத்த சாந்துச் சுவருடன் ஒப்பிட்டால் கணினிக் கோப்பின் வாழ்நாள் மிகக் குறுகியது.

ஆகவே மொகாவோவில் சூழ்காட்சியின் வெற்றி, அது எத்துணை வியப்பூட்டுகிறது என்பதைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. குகையின் ஈரப்பதம் 62 விழுக்காட்டிற்குள் நிற்கிறதா, வெளியேறும் பார்வையாளர் கண்டவற்றைப் புரிந்துகொண்டாரா என்னும் இரு வினாக்களே அதற்கு அளவுகோல்கள் ஆகும். தள்ளுமுள்ளும் தேய்மானமும் மிகுந்த பிற தொல்லியல் களங்களுக்கும் இவ்வளவுகோல்கள் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* பட்டுப் பாதை
* குடைவரைக் கோயில்
* அஜந்தா குகைகள்
* சுவரோவியம்
* மெய்நிகர் உண்மை
* உலக மரபுரிமைக் களம்